அப்பாவும் நானும் ஹயர் ஓடிய காலம்

எங்கள் வீட்டில் யாரும் என்னை விமானி என்று சொல்வதில்லை. அம்மாவுக்கு நான் ‘பிளேன் ஓடுற பிள்ளை’. அப்பாவுக்கு நான் ‘ஹயர் ஓடுறவள்’. அதை அவர் ஏதோ பட்டம் கொடுப்பது போலச் சொல்வார். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் வாடகை வான்கள் நிற்கும் இடத்தில் மற்றச் சாரதிகளோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “அப்பனும் ஹயர், மகளும் ஹயர். என்ன, அவளின்ரை வாகனத்துக்கு ஹோர்ன் இல்லை” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் காது சுடும்.

அப்பா நான் பிறக்க முதலே வான் ஓடத் தொடங்கியவர். கலியாண வீடு, செத்த வீடு, கோயில், ஆஸ்பத்திரி, கொழும்புப் பயணம் என்று யார் கூப்பிட்டாலும் போவார். கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்கள் அலுவல் முடிந்து வரும்வரை வானோடு காத்திருந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் இதற்குத்தான் ஹயர் ஓடுவது என்று பெயர். அந்தத் தொழிலுக்கு அவர் சில ஒழுங்குகள் வைத்திருந்தார். ஹயர் பிடித்த ஆட்களோடு ஒரே பந்தியில் இருக்க மாட்டார். அவர்கள் சண்டை பிடித்தால் காது கேளாதவர் மாதிரி ஓடுவார். முக்கியமானது, அவர்களுக்கு முன்னால் சொந்தம் கொண்டாட மாட்டார். அவருடைய சொந்த மச்சானே ஹயர் பிடித்துப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டுக்காரர் “டிரைவருக்கும் தேத்தண்ணி குடுங்கோ” என்று சொல்லும்வரை அப்பா வாசலிலேயே நின்றாராம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள். “ஹயர் எண்டால் ஹயர்தான். அங்கை போய் நான் ஆரெண்டு விளம்பரப்படுத்த ஏலுமோ?” என்பார் அப்பா.

நான் இரத்மலானையில் ஒரு சின்னக் கொம்பனியில் துணை விமானியாக இருந்தேன். நேர அட்டவணை போட்டு டிக்கெட் விற்கும் கொம்பனி இல்லை. யாராவது விமானத்தை முழுதாக வாடகைக்கு எடுத்தால் அது பறக்கும், எடுக்காவிட்டால் நிற்கும். ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு பெரிய விசிறி, உள்ளே பத்துப் பேருக்கு இடம். பின்னேரம் போன் வரும். நாளைக்கு விடிய சீகிரியா என்பார்கள், அல்லது மட்டக்களப்பு, அல்லது எங்கள் பலாலி. பயணிகளின் பைகளை நாங்களே தூக்கி ஏற்ற வேண்டும். குழந்தை சத்தி எடுத்தால் நாங்களே துடைக்க வேண்டும். அவர்கள் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை விமானத்தின் இறக்கைக்குக் கீழே நிழல் தேடிக் குந்தியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். சின்ன விமானம் என்பதால் ஆட்களையும் தராசில் ஏற்றி நிறை பார்க்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு அது பெரிய சங்கடம். ஒரு அன்ரி தராசில் கால் வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சத்தமா வாசிக்காதையும் பிள்ளை, அவர் பக்கத்திலை நிக்கிறார்” என்றா.

பொய் சொல்லக் கூடாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மேகத்துக்குக் கீழே கையால் ஓட்டிக்கொண்டு வருவோம். ஆனையிறவு தாண்டினால் கடல்நீரேரி, பிறகு புத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் வெங்காயப் பாத்திகளும், கடைசியில் பலாலி ஓடுபாதை, அதற்கு அங்காலே கடல். இறக்கையைச் சரித்தால் எங்கள் வீட்டு ஒழுங்கை கூடத் தெரியும். இன்னும் கொஞ்ச நாளில் இடதுபக்க ஆசனமும், அதாவது கப்டன் பதவியும், எனக்குத்தான் என்று கொம்பனியில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ஊருக்கு வந்தால் போச்சு. “எந்தக் கொம்பனி பிள்ளை? உன்ரை பிளேனிலை நாங்களும் டிக்கெட் எடுக்கலாமோ?” என்று கேட்பார்கள். டிக்கெட் இல்லை, முழுதாக எடுக்க வேண்டும் என்பேன். “ஓ, ஹயரோ?” என்பார்கள். அந்த ‘ஓ’ இருக்கிறதே, அதற்குள் என் படிப்பு, பரீட்சைகள், சீருடை எல்லாம் போய் விழுந்துவிடும். என்னோடு படித்தவர்கள் பெரிய கொம்பனிகளில் சேர்ந்து, தோளில் தங்கக் கோடுகளோடு, சக்கரப் பெட்டியை இழுத்தபடி படம் போட்டார்கள். என்னை யாராவது படம் எடுத்தால் நான் யாருடையதோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

இந்த வெட்கம் அப்பாவுக்கு மேலேயும் போய் விழுந்தது. ஒருமுறை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு அவர் இரத்மலானைக்கே வந்துவிட்டார். அங்கிருந்த கப்டன் ஒருவர் அவருடைய கையைக் குலுக்கி, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா வாய் திறக்க முதல் நான் முந்திக்கொண்டு, “ட்ரான்ஸ்போர்ட் பிஸ்னஸ்” என்றேன். இருப்பதே ஒரு வான். அதிலும் பின் கதவு மூடாது, கயிறு கட்டியிருக்கும். அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது. “ஓம் ஓம், பிஸ்னஸ்” என்று சிரித்தார். அதற்குப் பிறகு கொழும்புக்கு வந்தாலும் வாசலுக்கு வெளியே நின்று போன் எடுப்பார், உள்ளே வர மாட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அப்போதுதான் வேறு ஒரு வேலை வந்தது. கொழும்பிலிருந்து பலாலிக்கும் தென்னிந்திய நகரங்களுக்கும் அட்டவணை போட்டுப் பறக்கத் தொடங்கியிருந்த ஒரு பிராந்தியக் கொம்பனி, துணை விமானியாக வரச் சொல்லிக் கேட்டது. இரண்டு எஞ்சின், எழுபது பேர், விமானப் பணிப்பெண்கள், பைகளைத் தூக்க வேறு ஆட்கள். பயிற்சி தந்து ஒப்பந்தம் எழுதிக் கட்டிப் போடுவார்கள். கப்டன் ஆவதற்கு வரிசையில் பல வருடம் நிற்க வேண்டும். பதில் சொல்ல எனக்கு ஒரு மாதம் தந்தார்கள். தொழில் தெரிந்த எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: “சின்ன விமானத்தில் இன்னும் ஒரு வருடம் இரு. கப்டனாகப் பறந்த அனுபவத்தோடு போ. இப்ப போனால் திரும்பவும் கடைசி ஆள்.” எனக்கும் அது சரியென்றே பட்டது.

வீட்டுக்கு வந்தபோது கதையை எடுத்தேன். அப்பா கிணற்றடியில் வான் கழுவிக்கொண்டிருந்தார்.

“பெரிய பிளேன் எண்டால் லைன் பஸ் மாதிரி எல்லே?” என்றார். “எனக்கும் ஒருக்கா அரசாங்க பஸ் ஓடுற வேலை வந்தது, தெரியுமோ? நான் போகேல்லை.”

“ஏன் போகேல்லை?”

“லைன் பஸ் ஓடுறவனுக்குத் தன்ரை பஸ்ஸிலை ஆர் இருக்கினம் எண்டே தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். ஆர் கலியாணத்துக்குப் போகினம், ஆர் ஆஸ்பத்திரியிலை இருந்து வெறும் கையோடை வருகினம் எண்டு. நீ உதிலையே இரு பிள்ளை. உனக்கு உது நல்லாப் பொருந்தியிருக்கு. எங்கடை தொழில்தானே.”

அடுக்களையில் இருந்து அம்மா, “உங்களுக்கென்ன, வாய் கூசாமல் சொல்லுவியள். நாலு சனம் கேட்டால் பதில் சொல்லுறது நான். பெட்டைக்குக் கலியாணம் பேசப் போற இடத்திலை ‘ஹயர்’ எண்டு சொல்லவோ?” என்று கத்தினாள்.

“ஏன், நீ ஹயர்காரனைத்தானே கட்டினனீ?” என்றார் அப்பா. அம்மா ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். நான் சிரித்தேன். ஆனால் ‘எங்கடை தொழில்’ என்ற சொல் எனக்குள் முள்ளாய் நின்றது. நான் இவ்வளவு படித்தது இவருடைய தொழிலுக்கு வரத்தானா என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதவே கை கூசுகிறது.

அந்த மாதத்தில்தான் லண்டன்காரரின் ஹயர் வந்தது. பருத்தித்துறையில் அவருடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம், ஒன்பது பேர், கொழும்பிலிருந்து பலாலிக்கு எங்கள் விமானம். பலாலியிலிருந்து பருத்தித்துறைக்கு வான் பிடித்துத் தருவதும் எங்கள் கொம்பனியின் பொறுப்பு. வானுக்கு ஆள் பிடித்தவர்கள் அச்சுவேலிச் சாரதிகளுக்குப் போன் எடுத்துக் கேட்க, அந்த முறை அப்பாவுடையது. முதல்நாள் பின்னேரம் அவர் போன் எடுத்தபோது குரலே மாறியிருந்தது.

“பிள்ளை, நாளைக்கு உன்ரை ஆக்களை நான்தான் ஏத்துறன்! நீ மேலாலை கொண்டு வா, நான் கீழாலை கொண்டு போறன். ஒரு ஹயரை ரெண்டு பேரும் ஓடுறம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி அப்பா, நல்ல சேட் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ.”

மறுநாள் இறங்கிப் பயணிகளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டிருந்தார், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தார். வானின் பின் கதவுக்குப் புதுக் கயிறு. நான் அவரை நோக்கி நடக்கும்போதே எனக்குள் ஒரு பதற்றம் வந்துவிட்டது. இப்போது இவர் ‘பிள்ளை’ என்று கூப்பிடப்போகிறார், லண்டன்காரர் திரும்பிப் பார்க்கப்போகிறார், என்னோடு வந்த கப்டன் அந்தக் கயிற்றைப் பார்க்கப்போகிறார் என்று. அந்தக் கப்டன்தான் இரத்மலானையில் அப்பாவின் கையைக் குலுக்கியவர். அவருக்கு அப்பாவின் முகம் நினைவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து, “வணக்கம் மெடம். பெட்டியளை ஏத்தட்டோ?” என்றார்.

“ஓம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. அவர் பெட்டிகளை ஏற்றினார், நான் தலைகளை எண்ணினேன். லண்டன்காரர் முன் ஆசனத்தில் ஏறியிருந்துகொண்டு, “டிரைவர், ஏசி வேலை செய்யுமோ?” என்று கேட்டார். வான் வெளிக்கிட்டது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கலியாணம் முடிந்து அவர்கள் திரும்பும் நாளுக்கு முதல்நாள் நான் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். மெடம் கதையை இருவரும் எடுக்கவில்லை. “ஆளுக்குப் பதினைஞ்சு கிலோதான் அப்பா. மத்தியான வெயிலிலை கிளம்புறம், சூடான காத்திலை பிளேன் கெதியா எழும்பாது. கூட ஒரு பையும் ஏத்திப்போடாதையுங்கோ” என்றேன். “ஓம் பிள்ளை, விளங்குது” என்றார்.

அடுத்தநாள் வான் வந்து நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. கூரைக்கு மேலே படங்கு போட்டுக் கட்டிய மலை. இறக்கத் தொடங்கினால் முடியவில்லை. மாம்பழப் பெட்டிகள், பனங்கட்டிக் குட்டான்கள், ஒடியல், மிளகாய்த்தூள், பேப்பரில் சுற்றியும் மணக்கும் கருவாடு, பருத்தித்துறைத் தட்டை வடை ஒரு தகரம் நிறைய, இரண்டு குத்துவிளக்கு. கடைசியாக, சாக்கில் சுற்றிய ஒரு கல். அம்மி! கோதாரி, அம்மி! லண்டனில் சம்பல் அரைக்கவாம்.

எங்கள் சனத்துக்கு வாகனம் என்றால் எப்போதும் இன்னொரு பைக்கு இடம் இருக்கும். வெளிக்கிட நிற்கும்போது பெரியம்மா ஒருத்தி ஓடி வந்து, “இதையும் ஒரு ஓரத்திலை வையுங்கோ” என்று ஜன்னலுக்குள்ளால் தள்ளுவாள். வேண்டாம் என்றால் மனத்தாங்கல் வந்துவிடும். ஹயர் ஓடுபவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், மடியில் வைத்தென்றாலும் கொண்டுபோவார். வானில் அது சரிவரும்.

லண்டன்காரரிடம் இவ்வளவும் ஏற்ற ஏலாது என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவர் கையை விரித்தார்.

“தங்கச்சி, நாங்கள் பிளேனை முழுசா ஹயருக்கு எடுத்தனாங்கள். டிக்கெட் எடுத்து வந்த ஆக்கள் மாதிரிக் கதைக்காதையும். என்ரை ஹயரிலை என்ரை சாமானை ஏத்த ஏலாதெண்டால் என்ன கதை?”

“பாரம் கூடினால் எழும்பாது அங்கிள்.”

“அந்தக் காலத்திலை உந்த வானை விடச் சின்ன வானிலை இருபது பேர் போனனாங்கள். சும்மா பயப்படுத்தாதையும்.”

அவருடைய மனைவி அம்மியைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றா. கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார். “உன்னுடைய ஆட்கள்தானே, நீயே கதைத்து முடி” என்று எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விமானத்தின் பக்கம் போய்விட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. கட்டணம் கொடுத்த மனிதரோடு கோபிக்க எனக்கு வழி இல்லை, அது ஹயர். ஆனால் கோபம் வந்துவிட்டது, அது எங்கேயாவது போய் விழத்தானே வேண்டும். நான் திரும்பினேன். அப்பா கடைசி மாம்பழப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

“டிரைவர்!” என்றேன். “ஆர் உங்களை இதெல்லாத்தையும் ஏத்தச் சொன்னது? எத்தினை தரம் சொன்னனான்? சொன்னால் விளங்காதோ? பொறுப்பில்லாத வேலை. இறக்குங்கோ எல்லாத்தையும்!”

என் குரல் எனக்கே கேட்டது. நல்ல உரத்த, படித்த குரல்.

அப்பா பெட்டியை இறக்கி நிலத்தில் வைத்தார். வெள்ளைச் சேட்டின் தோளில் மாம்பால் கறை. “பிழை என்னிலைதான் மெடம்” என்றார். பிறகு லண்டன்காரரிடம் திரும்பி, “ஐயா, மெடம் சொல்லுறது சரி. நான்தான் யோசிக்காமல் ஏத்திப்போட்டன். முக்கியமானதை மட்டும் எடுங்கோ, மிச்சத்தை நான் கொழும்பு பஸ்ஸிலை போட்டு உங்கடை ஹோட்டலுக்கே சேர்ப்பிக்கிறன். அம்மியும் வரும், உடையாது” என்றார். அவர் சொன்னவுடன் அந்த மனிதர் அடங்கிவிட்டார். தன்னிடம் பிழை இல்லை, டிரைவரிடம்தான் பிழை என்று ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது. போகும்போது என் பக்கம் குனிந்து, “உப்பிடித்தான் கதைக்க வேணும் தங்கச்சி. இவங்களுக்குச் சும்மா சொன்னால் ஏறாது” என்றார்.

நான் தெரிந்தெடுத்த பைகளைத் தராசில் வைத்து நிறை பார்த்தேன்.

ஓடுபாதையின் பாதி தாண்ட முதலே சக்கரங்கள் நிலத்தை விட்டன. பாரம் சரியாக இருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. தெற்கே திரும்பும்போது பலாலி வீதியில் ஒரு வெள்ளை வான் கூரையில் மூட்டைகளோடு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அது அவருடையதா என்று எனக்கு நிச்சயமில்லை. ஊரில் வெள்ளை வானுக்கா பஞ்சம்? ஆனாலும் அது மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கப்டன் இரண்டு முறை, ஏதும் சுகமில்லையா என்று கேட்டார்.

பின்னேரம் அம்மா போன் எடுத்தாள். “உங்கடை அப்பா விறாந்தை முழுக்கக் கருவாட்டை அடுக்கி வச்சிருக்கிறார், நாறுது. நாளைக்கு பஸ்ஸிலை போடுறாராம். ஆனால் பிள்ளை, அப்பிடிச் சந்தோசம் அவருக்கு. நீ என்ன வடிவாக் கதைச்சனியாம்! லண்டன்காரனுக்கே விட்டுக்குடுக்கேல்லையாம். ‘அவள் ஒருத்தருக்கும் பயப்பிடாள்’ எண்டு சந்தையடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறார்.”

யாரோடு கதைத்தேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த ‘டிரைவர்’ என்ற சொல்லை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெருமையாக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் பெரிய கொம்பனிக்கு ஓம் என்று பதில் அனுப்பினேன்.

எல்லாருக்கும் நல்ல காரணங்கள் சொன்னேன். இரண்டு எஞ்சின் அனுபவம், நிலையான அட்டவணை, எதிர்காலம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான், ஆனால் அவை ஒன்றுக்காகவும் நான் போகவில்லை. அங்கே விமானிக்கும் பயணிக்கும் இடையில் பூட்டிய கதவு இருக்கிறது. யார் அம்மி கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. வாசலில் யார் வான் கொண்டுவந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே வராது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது. நான் ஓடித் தப்பினேன். இடதுபக்க ஆசனத்தையும் விட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

அம்மா அயலெல்லாம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொன்னபோது ஏன் என்று கேட்கவில்லை. “நல்லது பிள்ளை. பெரிய பிளேன், பாதுகாப்பு” என்றார். ஹயர் பகிடி அதோடு நின்றுபோனது. அதை வெறுத்தவள் நான். இப்போது சந்தையடிக்குப் போனால் அவர் சொல்ல மாட்டாரா என்று காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் சொல்வதில்லை.

இப்போது கிழமைக்குச் சில தடவை பலாலியில் இறங்குகிறேன். இறங்கி, ஆட்களை மாற்றி, உடனே கிளம்பிவிடுவோம். விமானத்தை விட்டு இறங்க நேரமில்லை. எழுபது பேர் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா சொன்னது சரிதான். சில நாட்களில் வெளியே வாடகை வான்களோடு அவரும் நிற்பாராம், என் விமானத்தில் வந்தவர்களையே ஏற்றிக்கொண்டு போவாராம். “பிளேன் நல்லா இறங்கினதோ எண்டு கேக்கிறனான். நல்லா இறங்கினது எண்டு சொல்லுவினம்” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யார் இறக்கியது என்று அவர்களிடம் சொல்ல மாட்டார்.

போன மாரியில் ஒருநாள் பின்னேரம் இறங்கிய பிறகு எஞ்சினில் ஒரு கோளாறு. கொழும்பிலிருந்து திருத்துபவர்கள் விடியத்தான் வரலாம் என்றார்கள். எங்களை யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் தங்கச் சொன்னார்கள். மழைக்குள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். நானும், சிங்களவரான என் கப்டனும், பணிப்பெண்கள் இருவரும். விமான நிலையத்தில் எங்களுக்கு வான் பிடித்து வைத்திருந்தார்கள். பின் கதவில் கயிறு கட்டிய வெள்ளை வான்.

அப்பா குடையோடு ஓடி வந்தார். “வாங்கோ சேர், வாங்கோ மெடம்” என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இந்த முறை விடக் கூடாது என்று நினைத்தேன். எத்தனையோ இரவு படுக்கையில் கிடந்து ஒத்திகை பார்த்த வசனம் அது. முன் கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தேன். கப்டன் பின்னால் வசதியாக இடம் இருக்கிறதே என்றார். நான் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, “கப்டன், இது என்னுடைய அப்பா” என்றேன்.

அப்பா கண்ணாடியில் கப்டனைப் பார்த்தார். பிறகு, கொழும்புக்கு ஓடி ஓடிப் பழகிய நல்ல சிங்களத்தில், மெடம் பகிடி விடுகிறா என்றார். எங்கள் ஊரில் வயது போன எல்லாரையும் அப்பா என்றுதான் சொல்வார்கள் சேர் என்றும் சொல்லிச் சிரித்தார். கப்டனும் சிரித்தார். பணிப்பெண்கள் சிரித்தார்கள். நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்று அசைத்தார்.

புத்தூர் தாண்டிப் போனோம். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சந்தி பின்னால் போய்விட்டது. ஹோட்டல் வாசலில் கப்டன் அவர் கையில் ஏதோ வைத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கி, “தாங்க்ஸ் சேர்” என்றார். மற்றவர்கள் உள்ளே போனார்கள். நான் நின்றேன்.

“ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?”

அவர் கயிற்றை அவிழ்த்து என் பெட்டியை இறக்கினார். சேட் நுனியால் அதன் ஈரத்தைத் துடைத்தார்.

“நீ பெரிய பிளேனுக்கு ஏன் போனனீ எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. “அவ்வளவையும் விட்டிட்டுப் போனனீ. போனதுக்குப் பிறகு அதை ஏன் கெடுக்கிறாய்?”

அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். அந்தக் கையில் கப்டன் கொடுத்த காசுத் தாள் இருந்தது, அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்திக் கயிற்றைக் கட்டிவிட்டு வானில் ஏறினார். எஞ்சினை முடுக்கிய பிறகு கண்ணாடியை இறக்கி, “விடிய அஞ்சு மணிக்கு இதிலை நிப்பன், மெடம்” என்றார்.

அப்போது அந்த முற்றத்தில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.